தாய்மாமன் மடி

அத்தியாயம் 17

"இன்னிக்குத்தான் போயாகோணுமா?" என்றாள் கலாமணி.

ஸ்கூட்டரின் முன்பெட்டியில் சின்ன மருந்து பாட்டிலைத் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்த சென்னியப்பன் நிமிரவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் ஒரு வாரமாகவே அவருக்கு இல்லை.

"இன்னிக்கே நாள் தாண்டிப்போச்சு."

"போறதுன்னா போயிட்டு வாங்க. தரகர் வெங்கடபதி துடியலூர் மாப்பிள்ள ஊட்டுக்காரங்களக் கூட்டிக்கிட்டு இன்னிக்கு அவிநாசிக் கோயிலுக்கு வாராருங்களாம். அவங்க கண்ணுல பட்டுப்போடாதீங்க. அங்க என்ன சோலின்னு கேப்பாங்க. நம்ம மக லோகப்பிரியா கண்ணாலம் இப்பத்தான் ஒரு கரைக்கு வந்திருக்குது."

அவர் வண்டியை உதைத்தார். ஆர்.எஸ்.புரம் வீட்டு வாசலில் 'டாக்டர் சென்னியப்பன்' என்ற பித்தளைப் பலகை வெயிலில் மின்னியது. அதைப் பார்த்துவிட்டு மாதம் நாலு பேர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க, உயிர்வேதியியல்ல ஆராய்ச்சி பண்றவன்" என்று திருப்பி அனுப்புவார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். மூளைக்குள் அமினோ அமிலங்கள் என்ன செய்கின்றன என்று பதினெட்டு வருடம் எலிகளை வைத்துப் பார்த்தவர் அவர். முப்பத்தொரு கட்டுரைகள். வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும்.

போன வியாழக்கிழமை அந்தப் பதினெட்டு வருடமும் ஒரு பாட்டில் மூடியில் வந்து முட்டி நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஓர் அமிலப் பாட்டிலின் மூடியைத் திறந்து, "ஐயோ சார், எலிக்கூண்டு நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அது அவருடைய தங்கை மகனின் வாசம்.

கிருபாசங்கருக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. எந்நேரமும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். குடும்பத்தில் எல்லாருக்கும் முடி கறுகறுவென்றிருக்க அவனுக்கு மட்டும் செம்பட்டை. அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், நாலு பேர் காது கேட்க, "புள்ளையக் கொஞ்சம் குளிப்பாட்டக் கூடாதா ராமாமணி? நாத்தமடிக்குது" என்று சொன்னவர் இந்தத் தாய்மாமன்.

அது அழுக்கு நாற்றமே இல்லை. சாப்பாட்டில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தை உடைக்க முடியாத உடம்போடு சில குழந்தைகள் பிறக்கின்றன. அந்த அமிலம் ரத்தத்தில் தேங்கித் தேங்கி மூளையைக் கெடுக்கும். வியர்வையிலும் சிறுநீரிலும் அந்த வாடை வரும். பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து ஆகாரத்தை மாற்றினால் அந்தக் குழந்தை எல்லாக் குழந்தைகளையும்போலப் பள்ளிக்கூடம் போகும்.

கிருபாசங்கருக்கு அந்த வாரங்கள் என்றைக்கோ போய்விட்டன. ஆனால் ராமாமணிக்கு முப்பத்தோரு நாளைக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

அவளுக்கும் அதே நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று வருடா வருடம் வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பவர்தான். தங்கையை அத்தை மகன் சுப்பண்ணனுக்குக் கொடுத்தபோது வாயைத் திறக்காமல் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

---

அவிநாசியைத் தாண்டி சேவூர் ரோட்டில் தோட்டத்து வீடு. பக்கத்துக் கொட்டகையில் எட்டு விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சுப்பண்ணன் நூல் எடுக்கத் திருப்பூர் போயிருந்தான். கொட்டகைக் கதவோரம் கிருபாசங்கர் உட்கார்ந்து தறிச் சத்தத்துக்குச் சரியாக ஆடிக்கொண்டிருந்தான்.

அத்தை மாசாணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அடடே, வாப்பா சென்னியப்பா! காக்கா கத்தவே இல்லியே. வழி தெரிஞ்சுதா?"

"நல்லாருக்கீங்களாத்தே?"

"எனக்கென்ன. பொறந்த ஊடுன்னு ஒண்ணு இருந்தா பிரசவம் அங்க நடக்கோணும். உன்ற ஊட்டுல பெயிண்டு அடிக்கறீங்கன்னு சேதி வந்துது. காஞ்சுதா அந்தப் பெயிண்டு?"

பெயிண்டு அடிக்கவே இல்லை. சென்னியப்பன் செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து ராமாமணி வந்தாள். மெலிந்திருந்தாள். தோளில் குழந்தை. அண்ணனைப் பார்த்ததும் வழக்கமான மரியாதையோடு, "வாங்ணா" என்றாள். அந்த 'ங்'கில் ஈரமே இல்லை.

"அண்ணி, லோகு எல்லாம் சௌக்கியங்களா? உக்காருங்க. மோர் கொண்டாரேன்."

"மோர் வேண்டாம் ராமாமணி. குழந்தைக்கு என்ன குடுக்கறே?"

"ஏன், தாய்ப்பால்தான்."

"பத்துலீன்னு நான் சங்குல மாட்டுப்பாலும் ஊத்தறேன்" என்றாள் அத்தை. "ஊட்டு மாடு. கெட்டிப் பாலு. பாரு, கன்னம் எப்பிடி உப்பியிருக்குதுன்னு."

அந்த அமிலம் தாய்ப்பாலைவிடப் பசும்பாலில்தான் ரொம்ப அதிகம். பாட்டிலைத் துணியிலிருந்து எடுத்தார். பழுப்பு மஞ்சளாக ஒரு திரவம், ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழாய்.

பாட்டில்மேல் ஒட்டியிருந்த தாளில் குண்டுகுண்டாக ஒரு கையெழுத்து. அது ஃபெமினாவின் எழுத்து. இரண்டு வருடத்துக்கு முன் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். "சார், கோயமுத்தூர்ல பிரசவ வார்டு எல்லாத்துக்கும் போலாம் சார். குழந்தை நனைச்ச துணியில இதுல ஒரு சொட்டு விட்டா போதும். பச்சையானா சந்தேகம். அப்புறம் ரத்தம் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்" என்று ஒரு நோட்டு நிறையத் திட்டம் எழுதிக்கொண்டு வந்தாள். அவர் அந்த நோட்டைப் பிரிக்கவில்லை. "நாம பண்றது மூளை ஆராய்ச்சிம்மா. தொட்டில் துணி அலசற வேலை இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவள் பெங்களூரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

"எதுக்குங்க அது?" என்றாள் ராமாமணி.

"கிருபாவோட மூத்திரம் கொஞ்சம் வேணும். முதல்ல அவனுக்குப் பாத்துட்டு, பொறவு பாப்பாவுக்கும் பாக்கோணும்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்டியாம்மணி? காது குத்தறதுக்கு மடி குடுக்காத மாமன் மூத்திரம் கேட்டு வந்திருக்கறான்!"

ராமாமணி சிரிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் காதணி விழாவுக்கு நாள் குறித்து, சொந்தபந்தமெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, ஹைதராபாத்தில் கருத்தரங்கு என்று தந்தி அடித்தார் சென்னியப்பன். கருத்தரங்கு எதுவும் இல்லை. ஆடிக்கொண்டே இருக்கும் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் உட்காரக் கூசியது. அன்றைக்கு முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பங்காளி ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ராமாமணி ஒப்பவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். இன்றுவரை கிருபாசங்கரின் காது மூளியாகத்தான் இருக்கிறது.

"பாட்டில்ல புடின்னா அவனுக்குத் தெரியாதுங்ணா" என்றாள் ராமாமணி. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெளியே போனாள். மகனை அள்ளித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை, கால் தரையில் இழுபட்டது. "நீங்களே வெச்சிருங்க. வர்றப்ப வரும்."

சட்டென்று அவர் மடியில் இறக்கிவிட்டாள்.

கிருபாசங்கர் திமிறவில்லை. மாமன் மார்பில் தலையை இடித்து இடித்து ஆடினான். செம்பட்டை முடி அவர் முகவாயில் உரசியது. அந்த வாசம் குப்பென்று ஏறியது. வழக்கமாக அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று திருப்பவில்லை. பையனின் கையைப் பார்த்தார். முழங்கை மடிப்பிலெல்லாம் தோல் வெடித்து வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"இது என்ன ராமாமணி?"

"சோப்புங்ணா."

"சோப்பா?"

"நீங்க அன்னிக்குப் பந்தியில சொன்னீங்களே. அதுல இருந்து தினமும் மூணு வாட்டி குளிப்பாட்டிப்போடறேன். காலையில, மத்தியானம், பொழுதோட. மார்கழியிலயும்தான். டாக்டரு அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு." அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "ஏழு வருசம் ஆச்சு. வாசம் மட்டும் போகவே மாட்டேங்குது. நான் தேய்க்கறது பத்துலீன்னு நெனச்சுக்குவேன்."

சென்னியப்பன் அந்த முழங்கையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் தொடையில் சூடு பரவியது. கிருபாசங்கர் அவருடைய வெள்ளைக் கால்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயையோ! அண்ணா, எந்திரிங்க, அவன இப்பிடிக் குடுங்க..." ராமாமணி பதறிப்போய் முந்தானையால் துடைக்கக் குனிந்தாள்.

"துடைக்காதே."

"இல்லீங்ணா, நல்ல பேண்ட்டு..."

"துடைக்காதம்மணி!"

ஒரு கையால் பையனை அணைத்துக்கொண்டு மறு கையால் சொட்டுக் குழாயை எடுத்தார். நனைந்த துணியில், தன் முழங்காலுக்கு மேலே, ஒரு சொட்டு விட்டார்.

பழுப்புச் சொட்டு விழுந்தது. ஓரத்திலிருந்து உள்ளே, ஊறும் வேகத்திலேயே பச்சையானது. வாழைக்குருத்துப் பச்சை இல்லை. ஆழமான, நீலம் ஓடிய பச்சை. வெள்ளைத் துணியில் அது கண்ணைக் குத்தியது.

அத்தை முறத்தைத் தள்ளிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அது என்னுங்ணா?"

அவர் சொன்னார். எலியையும் அமிலத்தையும் விட்டுவிட்டு, அவளுக்குப் புரியும்படி. பிறக்கும்போது இவன் மூளை நன்றாகத்தான் இருந்தது என்று. சாப்பிட்ட சாப்பாடே இவன் மூளைக்கு விஷமாகிவிட்டது என்று. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசம் இது என்று. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று.

ராமாமணி பச்சைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்தப்பவே பாத்திருந்தா?"

"நல்லா வந்திருப்பான்."

"அப்ப இந்த மருந்து இல்லீங்களா?"

இதோ வந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஞ்ஞானம் அப்போது வளரவில்லை, இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அண்ணன் சொன்னதை அவள் எப்போதும் நம்புவாள். நம்பியதற்கு அடையாளம்தான் இந்தப் பிள்ளையின் தோல்.

உண்மையைச் சொன்னால் குழந்தையைத் தொடக்கூட விடாமல் வெளியே போ என்று சொல்லிவிடலாம். சொல்ல அவளுக்கு நியாயம் இருக்கிறது. அப்புறம் அந்தப் பாப்பா?

"இருந்துது" என்றார் சென்னியப்பன். "எனக்குப் படிக்கறப்பவே தெரியும். என்ற அலமாரியிலயே இருந்துது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்குதம்மணி. மூணு வருசத்துக்கு முன்னால பொங்கலுக்கு வந்தேனே, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இவன் முடியப் பாத்தேன். வாசமும் தெரிஞ்சுது. அடுத்த வாட்டி வரப்ப மருந்தைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். வெளிய எடுக்கல."

"ஏனுங்க?"

"பச்சையாயிருச்சுன்னா நம்ம ரத்தத்துல இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும். லோகுவுக்கு மாப்பிள்ள பாக்கோணுமேன்னு..." பையனின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "அதுக்குத்தான்."

மாசாணியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, இவ பொறந்த மூணாம் நாளே பாத்திருக்கலாமில்லீங்களா?"

"பாத்திருக்கலாம்."

"முப்பது நாளா எங்கத்தை சங்குல பால் ஊத்தியிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தார். சாத்தினால் தட்டும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார். மடியில் கிருபாசங்கர் ஆடிக்கொண்டே இருந்தான். அவருக்கும் அந்த ஆட்டம் தொற்றிக்கொண்டதுபோல இருந்தது.

ராமாமணி திரும்பி வந்தாள். கையில் பழைய வேட்டித் துண்டு ஒன்று. தொட்டிலிலிருந்து இப்போதுதான் எடுத்தது, ஈரம் சொட்டியது.

"இது உங்களுக்காக இல்லீங்ணா" என்றாள். "பாருங்க."

முதல் சொட்டு தவறித் தரையில் விழுந்தது. இரண்டாவது துணியில் விழுந்தது.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

ஒரு நொடி பழுப்பாகவே நின்றது. அத்தை "சாமி" என்று மூச்சு விட்டாள். அப்புறம் ஓரத்தில் மெல்ல ஒரு பச்சைக் கோடு ஓடியது. கிருபாசங்கருடையதைப்போல ஆழமில்லை. ஆனால் பச்சைதான்.

ராமாமணி அழவில்லை. அதுதான் அவரை உடைத்தது.

"இப்ப என்ன பண்ணோணும், சொல்லுங்க. மாட்டுப்பால நிறுத்திப்போடறேன். என்ற பாலு குடுக்கலாமா?"

"குடுக்கலாம். ஆனா குறைக்கோணும்."

"எத்தனை குறைக்கோணும்? பசிச்சு அழுதா வேற என்ன குடுக்கறது?"

முப்பத்தொரு கட்டுரைகள். எந்தெந்த அமிலம் எலி மூளையில் எந்த மூலையில் எத்தனை மைக்ரோகிராம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அழும் குழந்தைக்கு அடுத்த வேளைக்கு என்ன கொடுப்பது என்று ஒன்றிலும் எழுதவில்லை.

"எனக்குத் தெரியாதம்மணி" என்றார். "தெரிஞ்ச ஒரு ஆளு இருக்குது. போன் பண்ணிக் கேட்டுட்டு வாரேன்."

"திரும்பி வருவீங்களா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

---

அவிநாசி கடைவீதியில் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டின் கதவு ஸ்பிரிங் அறுந்து சாத்தாமல் தொங்கியது. புது வருட வாழ்த்து அட்டையிலிருந்து டைரியில் குறித்து வைத்த எண்ணைச் சுற்றினார். எல்லார் முன்னாலும் கேலி செய்தவருக்கு வருடம் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறவள்.

"ஹலோ?"

"ஃபெமினாம்மா, நான் சென்னியப்பன். கோயமுத்தூர்ல இருந்து."

"சாரா! சொல்லுங்க சார். லைன் இரையுது, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

"பிறந்து முப்பத்தோரு நாள். பெண் குழந்தை. துணியில உன்ற சொட்டு விட்டுப் பாத்தேன். பச்சை."

"கேக்கல சார். யாரோட பேஷண்ட்?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். தன் முறைக்காக நின்றிருந்தார் தரகர் வெங்கடபதி. நெற்றி நிறைய விபூதி, கையில் ஜாதகக் கட்டு. சென்னியப்பனைக் கண்டுகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஏனுங் சார், நீங்க இங்கீங்களா? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கோயில்லதான் இருக்கறாங்க..." பேச்சு பாதியில் நின்றது. அவர் பார்வை கீழே இறங்கியது. கால்சட்டையின் ஈரமும், பச்சை வெளுத்துத் துருப்பிடித்த மஞ்சளாகியிருந்த கறையும் பளிச்சென்று தெரிந்தன.

"சார்? லைன்ல இருக்கீங்களா? யாரோட குழந்தை சார்?"

"ஒரு... தெரிஞ்சவங்க" என்றார் மெதுவாக.

"கேக்கவே இல்ல சார்! குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா? அது தெரிஞ்சாகணும். கத்திச் சொல்லுங்க!"

போன் மீட்டரில் கடிகாரம்போலச் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதவைக் காலால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வெங்கடபதி ஒரு எட்டு முன்னால் வந்து காதைக் கொடுத்தார். போனை வைத்துவிடலாம். ஆர்.எஸ்.புரம் போய் வீட்டிலிருந்து பேசலாம். இன்னும் இரண்டு மணி நேரம்தானே.

திரும்பி வருவீங்களா?

"என்ற தங்கச்சி குழந்தை!" சென்னியப்பன் கத்தினார். பூத்துக்காரன் தலை நிமிர்ந்தான். "மூத்தவன் ஒருத்தன் இருக்கறான். ஒம்பது வயசு. அவனுக்கும் இதேதான். எங்க ரத்தத்துல இருக்குது! எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சுப்போட்டேன்!"

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் மட்டும். சிரிக்கப் போகிறாள், அன்று அவர்கள் சிரித்ததுபோல, என்று காத்திருந்தார்.

"முப்பத்தோரு நாள்தானே சார்?" என்றாள் ஃபெமினா. "இன்னும் நேரம் இருக்கு. அதுக்குன்னே செஞ்ச பால்பவுடர், வெளிநாட்டுது, ரெண்டு டின் இங்க இருக்கு. ஆனா ரத்தம் எடுத்து உறுதி பண்ணாமக் குடுக்கக் கூடாது. அம்மாவையும் குழந்தையையும் இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. பெரிய பையனையும் கூட்டிட்டு வாங்க சார். அவனுக்கும் கொஞ்சம் ஏதாவது செய்யலாம்."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். வெங்கடபதியைக் காணவில்லை. ஜாதகக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கோயில் பக்கம் வேகமாக நடப்பது கூட்டத்துக்கு நடுவே தெரிந்தது. கூப்பிடும் தூரம்தான். 'வெங்கடபதி, ஒரு நிமிசம்' என்றால் நின்றுவிடுவார்.

சென்னியப்பன் கூப்பிடவில்லை. ஈரம் காய்ந்து மொரமொரத்த கால்சட்டையோடு ஸ்கூட்டரை உதைத்து, சேவூர் ரோட்டுக்குத் திருப்பினார்.